பாறையோடு பிணைந்த கல்



இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் பிளிமத் என்றொரு துறைமுகம் இருக்கிறது. அங்கிருந்து ஏறத்தாழ 14 மைல் தொலைவில், கடலுக்கு நடுவே, எடிஸ்டோன் என்னும் பாறைக்கூட்டம். கடல் ஏறும்போது பாறைகள் ஏறக்குறைய முழுவதும் தண்ணீருக்குள் போய்விடும். வற்றும்போது கொஞ்சம் தலைகாட்டும். சுற்றிலும் ஆழம். அதனால் கப்பல் அருகில் போய்ச் சேரும்வரை தண்ணீரின் நிறமோ அலையோ எதுவும் எச்சரிக்காது. அட்லாண்டிக் பெருங்கடலிலிருந்து ஆங்கிலக் கால்வாய்க்குள் நுழைகிற கப்பல்களின் பாதையிலேயே அந்தப் பாறைகள் கிடந்தன. அதில் மோதி உடைந்த கப்பல்கள் பல. அதற்குப் பயந்து வெகுதூரம் விலகி, எதிர்ப்புறம் பிரெஞ்சுக் கரையில் போய் முட்டி உடைந்த கப்பல்களும் உண்டு.

அந்தப் பாறைமீது 1759இல் எழுந்த கலங்கரை விளக்கத்தின் மேல்தளக் கிடங்கறையில், கூரைக்குச் சற்றுக் கீழே, கருங்கல்லில் சுவரைச் சுற்றி ஒரு வாக்கியம் செதுக்கினார்கள். 127ஆம் திருப்பாடலின் தொடக்கம் அது. வீட்டைக் கட்டுகிறவர் கடவுளாக இல்லாவிட்டால் மனிதர் படுகிற பாடெல்லாம் பயனற்றுப் போகும் என்று சொல்கிற இடம். அதைச் செதுக்க வைத்தவர் ஆயரோ குருவோ அல்ல. கல்லையும் சுண்ணாம்பையும் தன் கையால் சோதித்துப் பார்த்த ஒரு பொறியாளர். வேலை அரைகுறையாக இருந்தபோது மனத்தாங்கலில் எழுதிய வார்த்தையும் அல்ல அது. தன்னால் முடிந்த எல்லாவற்றையும் செய்து முடித்த பிறகு எழுதினார். அந்த மனிதரைப் பற்றிச் சற்று நேரம் கழித்துப் பேசுகிறேன்.

இன்றைய நற்செய்தியில் ஆண்டவர் இரண்டு வீடுகளைப் பற்றிச் சொன்னார். பாறைமீது கட்டிய வீடு, மணல்மீது கட்டிய வீடு. மறைக்கல்வி வகுப்புக்கு வருகிற சின்னப் பிள்ளைகளுக்கும் இது மனப்பாடம். நன்றாகத் தெரிந்த உவமை என்பதாலேயே ஒன்றை நாம் கவனிக்காமல் போகிறோம். எடிஸ்டோனில் இதுவரை நான்கு கோபுரங்கள் எழுந்தன. நான்கும் பாறைமீது கட்டியவைதாம், மணல் அங்கே கிடையாது. ஆனாலும் முதல் கோபுரத்தைப் புயல் கொண்டுபோயிற்று. இரண்டாவது எரிந்துபோயிற்று. மூன்றாவதைப் பிரித்தெடுக்க நேர்ந்தது. நான்காவது இன்றும் நிற்கிறது. பாறைமீது கட்டினால் போதுமா என்று அந்த இடத்தின் வரலாறு நம்மைக் கேட்கிறது. மத்தேயு 7ஆம் அதிகாரத்தைத் திரும்ப வாசித்தால் ஆண்டவரும் அதையேதான் கேட்கிறார் என்று தெரியும்.

முதல் கோபுரத்தைக் கட்டியவர் ஹென்றி வின்ஸ்டன்லி. எசெக்ஸ் பகுதியில் லிட்டில்பரி என்ற ஊர்க்காரர். உலோகத் தகட்டில் ஓவியம் செதுக்குகிற கலைஞர். விதவிதமான பொறி வேடிக்கைகளைச் செய்து மக்களுக்குக் காட்டி நல்ல பணம் சேர்த்தவர். அந்தப் பணத்தில் கப்பல்கள் வாங்கினார். அவற்றில் இரண்டு எடிஸ்டோனில் உடைந்தன. இவ்வளவு ஆபத்தான இடத்தில் ஏன் ஒரு விளக்கு இல்லை என்று கேட்டார். அங்கே யாராலும் கட்ட முடியாது என்றார்கள். அப்படியானால் நானே கட்டுகிறேன் என்று கிளம்பிவிட்டார்.

இழப்பு வந்தால் மனிதர் இரண்டு விதமாக மாறுவார்கள். சிலர் தமக்கு வந்தது மற்றவருக்கும் வரட்டும் என்று கசந்துபோவார்கள். சிலர் தமக்கு வந்தது இனி எவருக்கும் வரக்கூடாது என்று எழுந்து நிற்பார்கள். வின்ஸ்டன்லி இரண்டாம் வகை. 1696இல் வேலை தொடங்கியது. முதல் கோடைக்காலம் முழுவதும் பாறையில் 12 துளைகள் போட்டு 12 இரும்புக் கம்பங்களை நட்டதோடு முடிந்துபோயிற்று. அலை விடுகிற சில மணி நேரம்தான் வேலை. கடல் கொந்தளித்தால் நாள்கணக்கில் பாறையில் கால்வைக்க முடியாது. கடலோடு வாழும் உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

அந்த நாள்களில் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் போர். 1697இல் வேலை நடந்துகொண்டிருந்தபோது பிரெஞ்சுக் கப்பல் ஒன்று வந்து வின்ஸ்டன்லியைப் பிடித்துக்கொண்டு போய்விட்டது. பின்னர் அவரை விட்டுவிட்டார்கள். பிரான்சின் மன்னர் பதினான்காம் லூயியே அவரை விடுவிக்கச் சொன்னார் என்றும், தனக்குப் பகை இங்கிலாந்தோடுதான், மனித இனத்தோடு அல்ல என்று அவர் சொன்னார் என்றும் ஒரு மரபு வழங்கி வருகிறது. எந்தக் கொடி பறக்கிற கப்பலுக்கும் அந்த விளக்கு வழிகாட்டும் என்பது பகைவருக்கும் புரிந்திருந்தது. நல்லோர்மேலும் தீயோர்மேலும் ஒரே கதிரவனை உதிக்கச் செய்கிற தந்தையைப் பற்றி மத்தேயு 5ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் சொல்லவில்லையா? கடலில் ஒரு வள்ளம் கவிழ்ந்தால் அது எந்த ஊர் வள்ளம் என்று விசாரித்துவிட்டுக் கயிறு வீசுகிற வழக்கம் நம்மிடம் இல்லை. அதற்காகக் கடவுளுக்கு நன்றி சொல்கிறேன். கரையேறிய பிறகு மட்டும் ஏன் நமக்கு அந்த மனம் மாறிவிடுகிறது? வலைக்காகவும் எல்லைக்காகவும் ஊரும் ஊரும் முகம்பார்க்காமல் இருக்கிறோமே, இதை ஆண்டவர் எப்படிப் பொறுத்துக்கொள்வார்?

1698 நவம்பர் 14ஆம் நாள் இரவு, எடிஸ்டோனில் முதன்முறையாக விளக்கெரிந்தது. மறு ஆண்டே வின்ஸ்டன்லி கோபுரத்தை இன்னும் பெரிதாக்கினார். அது நின்ற ஐந்தாண்டுகளில் அந்தப் பாறையில் ஒரு கப்பல்கூட உடையவில்லை. கோபுரம் தாங்காது என்று பேசினவர்களிடம், உலகம் கண்டிராத பெரிய புயல் அடிக்கும்போது நான் அதற்குள்ளே இருக்க வேண்டும் என்பதே என் ஆசை என்று அவர் சொன்னாராம். 1703 நவம்பரில் பழுதுபார்ப்பதற்காகத் தொழிலாளர்களோடு அங்கே போனார். 26ஆம் நாள் இரவு, அந்த நாட்டு வரலாற்றிலேயே மிகக் கொடிய புயல்களில் ஒன்று வந்தது. விடிந்து பார்த்தபோது பாறையில் வளைந்த இரும்புக் கம்பங்கள் சில மட்டும் மிச்சம். கோபுரமும் இல்லை, அவரும் இல்லை, உடன் இருந்தவர்களும் இல்லை. இரண்டு நாள் கழித்து, வர்ஜீனியாவிலிருந்து புகையிலை ஏற்றி வந்த வின்செல்சி என்ற கப்பல், விளக்கு இல்லாத அதே பாறையில் மோதி உடைந்தது.

இந்த இடத்தில் பல போதகர்கள், பார்த்தீர்களா, ஆணவமாகப் பேசினான், கடவுள் தண்டித்துவிட்டார் என்று முடித்துவிடுவார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். சொல்வதற்கு நற்செய்தி இடம் தரவில்லை. லூக்கா 13ஆம் அதிகாரத்தில் சீலோவாம் கோபுரம் இடிந்து விழுந்து 18 பேர் இறந்த செய்தி வருகிறது. அவர்கள் எருசலேமில் இருந்த மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் என்று நினைக்கிறீர்களா என்று ஆண்டவரே கேட்டு, இல்லை என்று அவரே பதிலும் சொல்லிவிட்டார். வின்ஸ்டன்லி ஐந்தாண்டுகள் முன்பின் தெரியாத மாலுமிகளின் உயிரைக் காத்தவர். அவரை எடைபோடுகிற வேலையை ஆண்டவர் நமக்குக் கொடுக்கவில்லை.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், 2017 நவம்பர் 30ஆம் நாள் ஒக்கிப் புயல் அடித்த பிறகு நம் குமரிக் கரையில் எத்தனையோ வீடுகளில் அந்தக் கேள்வி எழுந்தது. நாங்கள் என்ன பாவம் செய்தோம் சாமி என்று கேட்ட தாய்மார் இருக்கிறார்கள். பூசைக்கு ஒழுங்காக வந்த மகன், நேர்ச்சைக் கடனெல்லாம் செலுத்திய கணவன், ஏன் திரும்பி வரவில்லை என்று கேட்டார்கள். அந்த வீடுகளுக்கு ஆறுதல் சொல்லப் போகிறேன் என்று போய், பாவம், தண்டனை என்று பேசிவிட்டு வந்தவர்களும் உண்டு. அது நற்செய்தி அல்ல. இன்று வாசித்த பகுதியை உற்றுக் கவனியுங்கள். மழையும் வெள்ளமும் காற்றும் இரண்டு வீட்டையும் மோதின. நல்லவனுடைய வீட்டுப் பக்கம் புயல் வராது என்று ஆண்டவர் எங்கேயும் வாக்குக் கொடுக்கவில்லை. புயல் எல்லாருக்கும் உண்டு. இந்த உண்மையை ஏற்றுக்கொண்டால்தான் உவமையின் அடுத்த பகுதி நமக்கு விளங்கும்.

இரண்டாவது கோபுரத்தைக் கட்டியவர் ஜான் ரட்யர்டு, லண்டனில் பட்டு வியாபாரி. அவர் கப்பல் கட்டுகிற தச்சர்களைக் கூட்டிக்கொண்டு போனார். அடியில் பாரத்துக்குக் கல்லை நிரப்பி, வெளியே மரப்பலகை போர்த்தி, வழுவழுவென்று கூம்பு வடிவில் எழுப்பினார். அலை பிடித்து இழுப்பதற்கு ஒரு மூலைமுடுக்கும் இல்லாத கோபுரம். 1708இல் அதில் விளக்கேற்றினார்கள். ஏறத்தாழ 47 ஆண்டுகள் நின்றது.

அந்தக் கோபுரத்தில் தொடக்கத்தில் காவலர்கள் இருவர் மட்டுமே. ஒருமுறை அவர்களில் ஒருவர் இறந்துபோனார். உடலைக் கடலில் விட்டுவிட்டால் தான்தான் கொன்றுவிட்டேன் என்று ஊர் சொல்லுமே என்று மற்றவருக்குப் பயம். கொடியேற்றிப் படகு கேட்டார். கடல் கொந்தளிப்பில் ஏறத்தாழ ஒரு மாதம் ஒரு படகாலும் அருகில் வர முடியவில்லை. அந்த ஒரு மாதமும் இறந்த தோழரின் உடலோடு அவர் அங்கே இருந்தார். விளக்கையும் கவனித்துக்கொண்டார். அதற்குப் பிறகுதான் மூன்று பேரை வைக்கிற வழக்கம் வந்தது. பின்னாளில் இதை எழுதிவைத்தவர் மூன்றாவது கோபுரத்தைக் கட்டிய ஜான் ஸ்மீட்டன்.

அந்த மனிதர் கொலை செய்யவில்லை. ஆனால் தான் செய்யவில்லை என்று சொல்ல அவருக்குச் சாட்சி இல்லை. இரண்டு பேரோ மூன்று பேரோ என் பெயரால் கூடியிருக்கும் இடத்தில் நான் இருக்கிறேன் என்று ஆண்டவர் சொன்னதை நாம் செபக்கூட்டத்துக்கு மட்டும் வைத்துக்கொள்கிறோம். அந்த வாக்கு வருகிற மத்தேயு 18ஆம் அதிகாரத்தின் பிற்பகுதி சகோதரருக்குள் எழும் பிணக்கையும், சாட்சிகளையும், மன்னிப்பையும் பற்றியது. தனியாக விடப்பட்ட மனிதர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் பயம் அவரைத் தின்றுவிடும். நம் ஊரிலும் அப்படித் தனியாக விடப்பட்டவர்கள் இருக்கிறார்கள். கடனுக்குப் பயந்து கதவைச் சாத்திக்கொண்டவர்கள், ஒரு பழிச்சொல்லுக்கு அஞ்சிக் கோவிலுக்கு வருவதை நிறுத்திக்கொண்டவர்கள். அவர்கள் வீட்டுக்கு மூன்றாம் ஆளாகப் போய் உட்காருவது பெரிய இறைப்பணி.

1755 டிசம்பர் 2ஆம் நாள் இரவு அந்தக் கோபுரம் எரிந்தது. வெளியே இருந்து வந்த நெருப்பு அல்ல. கப்பல்களுக்கு வழிகாட்டுவதற்காக ஏற்றிய மெழுகுவர்த்திகளின் அருகிலிருந்தே கூரை பற்றிக்கொண்டது. 47 ஆண்டுகளாக அந்தச் சூட்டில் காய்ந்து, புகைக்கரி படிந்த மரம். காவலிருந்தவர் ஹென்றி ஹால் என்ற முதியவர். 94 வயது என்று பதிவுசெய்திருக்கிறார்கள். அந்த வயதிலும் அவர் வாளியில் தண்ணீர் எடுத்துத் தலைக்கு மேலே எரிகிற கூரையை நோக்கி வீசி வீசி அணைக்கப் பார்த்தார். கூரையில் வேய்ந்திருந்த ஈயம் உருகி அவர்மேல் கொட்டியது. காவலர் மூவரும் கீழே இறங்கிப் பாறை இடுக்கில் ஒதுங்கினார்கள். கரையிலிருந்து தீயைக் கண்டு படகு வந்து மீட்டது. ஹால் தன் வயிற்றுக்குள் ஈயம் போய்விட்டது என்று சொன்னபோது மருத்துவர் நம்பவில்லை. சில நாள்களில் அவர் இறந்தார். உடலைத் திறந்து பார்த்த அந்த மருத்துவரே வயிற்றிலிருந்து ஏழு அவுன்சுக்கு மேல் எடையுள்ள ஈயக்கட்டியை எடுத்தார். அந்த ஈயத்துண்டு இன்று எடின்பரோ நகரில் ஸ்காட்லாந்து தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கோவிலில் பொறுப்பில் இருப்பவர்களாகிய நமக்கு, எனக்கும் பங்குப்பேரவையினருக்கும் அன்பியப் பொறுப்பாளர்களுக்கும், இந்த இரண்டாவது கோபுரத்தில் ஒரு பாடம் இருக்கிறது. புயலை 47 ஆண்டு தாங்கிய கோபுரம் தன் விளக்காலேயே எரிந்தது. வெளிப்பகை நம்மை அழிக்கும் என்று நாம் காவல்காக்கிறோம். பீடத்துக்கு அருகிலேயே நாள்தோறும் நின்று நின்று உள்ளே காய்ந்துபோவதைக் கவனிப்பதில்லை. செபம் வழக்கமாகிறது, பிறகு வழக்கம் அதிகாரமாகிறது, பிறகு ஒரு சின்னப் பொறி போதும். அதே சமயம் ஹென்றி ஹாலையும் நினைத்துக்கொள்ளுங்கள். எனக்கு வயதாகிவிட்டது, இனி இளையவர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்ல அவருக்கு எல்லா உரிமையும் இருந்தது. அவர் வாளியைத் தூக்கினார். முட்டுவலியோடு விடியற்காலைப் பூசைக்கு வந்து, கோவிலைப் பெருக்கி, நோயாளிகளைப் பார்த்துவிட்டுப் போகிற நம் பாட்டிமார்களைக் காணும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வரும்.

இப்போது ஜான் ஸ்மீட்டனிடம் வருகிறேன். லீட்ஸ் நகருக்கு அருகில் 1724இல் பிறந்தவர். அறிவியல் கருவிகள் செய்து பிழைத்தவர். எடிஸ்டோனில் மறுபடி கட்ட வேண்டும் என்றபோது, லண்டன் ராயல் சொசைட்டியின் தலைவர் இவரைப் பரிந்துரைத்தார். மரம் இனி வேண்டாம், முழுவதும் கல்லாலேயே கட்டுகிறேன் என்றார் ஸ்மீட்டன். கருவாலி மரம் அடியில் அகன்று, மேலே போகப்போக ஒடுங்கி, காற்றைத் தாங்கி நிற்பதைப் பார்த்துக் கோபுரத்துக்கு அந்த வடிவத்தைக் கொடுத்தார். இன்று உலகமெங்கும் கடற்பாறைகளில் நிற்கிற கலங்கரை விளக்கங்கள் பல இந்த வடிவத்தைப் பின்பற்றியவை.

வடிவத்தைவிட அவர் அடித்தளத்தில் செய்த வேலையே என் மனத்தைப் பெரிதும் தொடுகிறது. எடிஸ்டோன் பாறை ஒரு பக்கமாகச் சரிந்திருக்கும். வின்ஸ்டன்லி அதில் கம்பம் நட்டு மேலே கட்டினார். ஸ்மீட்டன் முதலில் அந்தச் சரிவையே படிப்படியாக வெட்டினார். பிறகு பாறைக்குள் பள்ளங்கள் செதுக்கி, அடிவரிசைக் கற்களை அந்தப் பள்ளங்களில் பொருந்தும்படி வடித்துப் பாறையோடு கோத்தார். மரப்பெட்டியின் மூலையில் பலகைகளைப் புறாவின் வால்போல அறுத்து, ஆணியில்லாமல் ஒன்றுக்குள் ஒன்றைச் செருகித் தச்சர் இறுக்குவாரே, அதே வேலையைக் கல்லில் செய்தார். ஒவ்வொரு கல்லும் பக்கத்துக் கல்லோடு கோத்திருக்கும். ஒரு வரிசை அடுத்த வரிசையோடு பிணைந்திருக்கும். அடியில் முதல் ஆறு வரிசைகள் பாறையின் சரிவை நிரப்பிச் சமமாக்குவதற்கே சரியாகிவிட்டன. ஏழாவதுதான் முழு வட்ட வரிசை. கற்களைப் பிளிமத் கரையிலேயே வெட்டி, அங்கேயே அடுக்கிப் பொருத்திப் பார்த்த பிறகுதான் படகில் ஏற்றினார்கள். சுண்ணாம்பையும் அவர் விடவில்லை. களிமண் கலந்த சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் கிடைக்கிற சுண்ணாம்பு தண்ணீருக்கு அடியிலும் இறுகும் என்று பல ஊர்க் கற்களைச் சுட்டுச் சோதித்துக் கண்டுபிடித்தார். வேல்ஸ் பகுதியிலிருந்து வந்த சுண்ணாம்போடு இத்தாலியிலிருந்து வரவழைத்த எரிமலைத் தூளைக் கலந்து காரை செய்தார். நாம் இன்று வீடு கட்டுகிற சிமெண்டுக்கு முன்னோடி அந்தச் சோதனைகள்.

1757 ஜூன் 12ஆம் நாள் முதல் கல் வைத்தார்கள். எடை இரண்டேகால் டன். வேலை செய்தவர்களில் கார்ன்வால் பகுதியின் தகரச் சுரங்கத் தொழிலாளர்கள் இருந்தார்கள். இரண்டு குழுவாகப் பிரிந்து மாறிமாறிப் பாறைக்குப் போனார்கள். கடற்படைக்குக் கட்டாயமாக ஆள்பிடிக்கிறவர்கள் இவர்களைக் கொண்டுபோய்விடக் கூடாது என்று ஒவ்வொருவருக்கும் அடையாளப் பதக்கம் கொடுக்கப்பட்டது. 1,493 கற்கள். 22 மீட்டர் உயரம். 1759 அக்டோபர் 16ஆம் நாள் இரவு 24 மெழுகுவர்த்திகளை ஏற்றினார்கள். விளக்கறையின் கதவுக்கு மேலே, கடவுளுக்குப் புகழ் என்று இலத்தீனில் பொறித்திருந்தார் ஸ்மீட்டன். கிடங்கறையில் நான் முதலில் சொன்ன திருப்பாடல்.

இப்போது நற்செய்திக்குத் திரும்புவோம். பாறைமீது கட்டியவர் யார் என்று ஆண்டவர் எப்படி அடையாளம் காட்டுகிறார்? என் சொற்களைக் கேட்டவர் என்று சொல்லி அவர் நிறுத்தவில்லை. கேட்டு, அதன்படி செய்கிறவர் என்கிறார். மணல்மீது கட்டியவனும் கேட்டவன்தான். அவனும் கூட்டத்தில் இருந்தான், அதே போதனையைக் கேட்டான், ஒருவேளை தலையும் ஆட்டியிருப்பான். திருமுழுக்குப் பதிவேட்டில் நம் எல்லாருடைய பெயரும் இருக்கிறது. ஞாயிறுதோறும் கேட்கிறோம். பாறைமீது இருக்கிறோம், சந்தேகமில்லை. வின்ஸ்டன்லியின் கோபுரமும் பாறைமீது இருந்தது. கேட்பது நம்மைப் பாறைமீது வைக்கும். செய்வதுதான் நம்மைப் பாறையோடு கோக்கும். அதற்குக் கல்லையும் வெட்ட வேண்டும். நம் பிடிவாதத்தில், நம் வசதியில், எங்கேயோ ஓரிடத்தில் உளிபட்டே ஆக வேண்டும். பேசாமல் இருக்கும் அண்ணன் வீட்டுக்கு நீங்கள் முதலில் போவது அந்த வெட்டு. விதவையின் பங்கை ஏலக்கணக்கில் குறைக்காமல் கொடுப்பது அந்த வெட்டு. உயிர்காப்புச் சட்டையும் வயர்லெஸ் கருவியும் இல்லாமல் வேலைக்காரரைக் கடலுக்கு அனுப்பமாட்டேன் என்று படகு முதலாளி முடிவெடுப்பதும் அதே வெட்டுத்தான். இதற்குச் செலவாகும் என்று எனக்குத் தெரியும். ஸ்மீட்டனுக்கும் அடிவரிசையில்தான் பெரும்பாடு. அந்த வரிசைகள் யார் கண்ணிலும் படாது.

அந்தக் கோபுரம் 120 ஆண்டுகளுக்கு மேல் விளக்கேந்தி நின்றது. பிறகு நடந்ததைக் கேளுங்கள். பேரலை மோதும்போதெல்லாம் கோபுரம் அதிர்வதைக் காவலர்கள் உணர்ந்தார்கள். வந்து சோதித்தவர்கள் கண்டது, கல்லிலோ காரையிலோ குறை இல்லை. அடியில் இருந்த பாறையைக் கடல் குடைந்துகொண்டிருந்தது. கோபுரம் உறுதியாக இருக்க, அதைத் தாங்கிய பாறை அரித்துப்போயிருந்தது. எனவே ஜேம்ஸ் டக்ளஸ் என்ற பொறியாளர் 1878இல் பக்கத்திலிருந்த வேறொரு பாறையில் நான்காவது கோபுரத்தைத் தொடங்கினார். 49 மீட்டர் உயரம். 1882 மே 18ஆம் நாள் அதில் விளக்கேற்றினார்கள். பிளிமத் மக்கள் ஸ்மீட்டனின் கோபுரத்தைக் கைவிட மனமில்லாமல், பணம் திரட்டி, மேற்பகுதியைக் கல் கல்லாகப் பிரித்துக் கொண்டுவந்து, கடற்கரை மேட்டில் மறுபடி எழுப்பினார்கள். அடிப்பகுதி அங்கேயே இருக்கிறது. பாறையோடு அவ்வளவு இறுகப் பிணைந்திருந்த அதை அப்படியே விட்டுவிட்டார்கள். இன்றும் நான்காவது கோபுரத்துக்குப் பக்கத்தில் அந்த அடிக்கட்டை கடலுக்குள் நிற்கிறது.

உலகத்துப் பாறைகள் எல்லாமே தேயும். நாம் இது போதும் என்று நம்பி நிற்கிற எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். வெளிநாட்டில் மகன் சம்பாதிக்கிறான் என்பது ஒரு பாறை. புது விசைப்படகு ஒரு பாறை. ஊரில் எனக்கிருக்கிற மரியாதை ஒரு பாறை. நல்ல பங்குத்தந்தை கிடைத்திருக்கிறார் என்பதும் உங்களில் சிலருக்கு ஒரு பாறை. அவர் சில ஆண்டுகளில் மாற்றலாகிப் போய்விடுவார். இவை கெட்டவை அல்ல, கடவுள் தந்தவைதாம். ஆனால் கடல் அடியில் வேலை செய்துகொண்டே இருக்கிறது. ஏற்கெனவே இடப்பட்ட அடித்தளம் ஒன்று உண்டு, வேறொன்றை எவரும் போட முடியாது, அது இயேசு கிறிஸ்து என்று கொரிந்தியருக்குப் பவுல் எழுதியது இதனால்தான். சிலுவையில் அறைந்தும், குத்தியும், கல்லறையில் மூடியும் அவரைக் குடைந்து பார்த்தார்கள். மூன்றாம் நாள் அவர் எழுந்தார்.

இன்னொன்று சொல்லிவிட்டு முடிக்கிறேன். ஸ்மீட்டன் செதுக்கியது 127ஆம் திருப்பாடலின் முதல் வசனத்தில் பாதிதான். மீதிப் பாதி காவலாளரைப் பற்றியது. நகரைக் கடவுள் காக்காவிட்டால் காவலர் கண்விழிப்பதும் வீண் என்று அது தொடர்கிறது. எடிஸ்டோனில் 1982 முதல் காவலர்கள் இல்லை. எல்லாம் தானியங்கி. நம் ஊரில் இன்னும் மனிதர்கள்தாம் கண்விழிக்கிறார்கள். தங்கல் போட்டிருக்கிற படகிலிருந்து வயர்லெஸில் குரல் வருகிறதா என்று காது கொடுத்துக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள். வானிலை அறிவிப்பைக் கேட்டுவிட்டு வீடு வீடாகப் போய்ச் சொல்கிற இளைஞர்கள் இருக்கிறார்கள். செபமாலையைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருக்கிற தாய்மார் இருக்கிறார்கள். இவர்களுடைய விழிப்பு வீண் அல்ல, ஏனென்றால் இவர்களோடு சேர்ந்து உறங்காமல் காக்கிறவர் ஒருவர் உண்டு.

உங்கள் வீட்டிலிருந்து இந்நேரம் கடலில் இருப்பவர்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். ஒக்கியிலும் அதற்கு முன்னும் பின்னும் திரும்பாமல் போனவர்களின் பெயர்களையும் எழுதுங்கள். காணிக்கையின்போது பீடத்தில் வைத்து, ஒவ்வொரு பெயராக வாசித்து மன்றாடுவோம். அதற்குமுன், எல்லாரும் எழுந்து நின்று நம் நம்பிக்கையை அறிக்கையிடுவோம்.